ஒரே கார், வெவ்வேறு குதிரைத்திறன்

காரின் நீளத்தையும் எடையையும் போலவே அதன் குதிரைத்திறனும் ஒருமுறை அளந்து குறித்துவிட்டால் மாறாத ஒன்று என்று வாங்குவோரில் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆகவே, ஒரே காரை ஒரே வாரத்தில் இரு வேறு பட்டறைகளின் டைனமோமீட்டர்களில் ஏற்றி ஓட்டிப் பார்த்து, ஒன்றில் 255 குதிரைத்திறன் என்றும் மற்றொன்றில் 230 என்றும் தாள் அச்சாகி வந்தால், இரண்டில் ஏதோ ஒரு கருவி பழுதானது அல்லது ஏதோ ஒரு பட்டறை ஏமாற்றுகிறது என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் இரண்டு கருவிகளும் பழுதின்றி, இரண்டு பட்டறைகளும் நேர்மையாக இருந்தபோதிலும் இத்தகைய வேறுபாடு வரக்கூடும். திறன் என்பதை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. வேறு அளவுகளை அளந்து, அவற்றைப் பெருக்கி, சில அனுமானங்களைச் சேர்த்துக் கணக்கிட்டே அதைப் பெற முடியும் என்பதும், அந்த அனுமானங்கள் கருவிக்குக் கருவி, நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுகின்றன என்பதும்தான் இதற்குக் காரணம்.

இந்த அலகு பிறந்த கதையிலேயே இந்த இயல்பு தெரிகிறது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குதிரைகள் செய்துவந்த வேலையைத் தம் நீராவி எந்திரம் எந்த அளவுக்குச் செய்யும் என்பதை வாங்குவோருக்கு விளக்க விரும்பிய ஜேம்ஸ் வாட், ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் செய்யும் வேலையை 33,000 அடி-பவுண்டு என்று வரையறுத்தார். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 745.7 வாட். பின்னர் ஐரோப்பாவில், 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறனை ஒரு குதிரைத்திறனாகக் கொள்ளும் மெட்ரிக் அலகு வழக்குக்கு வந்தது. இதன் அளவு 735.5 வாட். ஜெர்மானிய வழக்கில் 'பிஎஸ்' எனப்படுவது இதுவே. இந்தியாவில் கார் நிறுவனங்களின் விவரத் தாள்களில் ஒன்றில் பிஎஸ் என்றும் மற்றொன்றில் வாட்டின் அலகைக் குறிக்கும் பிஎச்பி என்றும் இரண்டும் கலந்தே வருவதால், அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் வாசகர் அளவீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே 1.4 விழுக்காடு பிழையுடன் தொடங்கிவிடுகிறார். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின் 188.5 கிலோவாட் திறனுடையது. அதுவே ஓர் அலகில் 253 என்றும், மற்றோர் அலகில் 256 என்றும் எழுதப்படும்.

முறுக்குவிசை என்பது ஒரு தண்டைத் திருப்பும் விசையின் அளவு. அதாவது விசையையும், அது செயல்படும் கையின் நீளத்தையும் பெருக்கி வருவது. அதைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஓடும் எஞ்சினின் முறுக்குவிசையை அறிய வேண்டுமானால் அதை எதிர்த்து எதையேனும் நிறுத்தியாக வேண்டும். 1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் த ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, அந்தப் பிடியுடன் சுற்ற முயலும் நெம்புகோலை எடைகளால் தடுத்து நிறுத்தி, அந்த எடையிலிருந்து முறுக்குவிசையைக் கணக்கிட்டார். தடையை வைத்து அளந்ததால்தான் அந்த எண்ணுக்கு 'பிரேக் குதிரைத்திறன்' (பிஎச்பி) என்ற பெயர் நிலைத்தது. உராய்வில் மரம் எரிந்துவிடும் சிக்கலுக்கு, 1877இல் வில்லியம் ஃப்ரூட், தண்ணீரைக் கலக்கி அதன் எதிர்ப்பால் தடை தரும் கருவியை உருவாக்கித் தீர்வு கண்டார். இன்று சோதனைக்கூடங்களில் உள்ள நீர்த்தடை டைனமோமீட்டர்கள் அந்த வழியில் வந்தவையே.

இவை எல்லாம் எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்துச் சோதனை மேடையில் பொருத்தி, அதன் தண்டிலேயே அளக்கும் முறைகள். கார் நிறுவனம் வெளியிடும் எண் இவ்வாறு பெறப்பட்டது. பட்டறையில் கிடைக்கும் எண்ணோ சக்கரத்தில் அளக்கப்பட்டது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே கியர்ப் பற்களின் உராய்வு, கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் கெட்டியான எண்ணெயைக் கடைவதில் போகும் ஆற்றல், பேரிங்குகள், இறுதியாக உருளையின் மேல் நசுங்கி நிமிரும் டயர் ஆகிய அனைத்தும் தத்தம் பங்கை வெப்பமாக மாற்றிக்கொள்கின்றன. பட்டறை வழக்கில், இந்த இழப்பை 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு சக்கரத்தின் எண்ணை 0.85ஆல் வகுத்து 'எஞ்சின் குதிரைத்திறன்' என்று சொல்லிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. இந்தப் பழக்கத்துக்கு இயற்பியல் ஆதரவு மிகக் குறைவு. 300 குதிரைத்திறன் எஞ்சினில் 15 விழுக்காடு என்பது 45 குதிரைத்திறன், அதாவது 33 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பம். அதே காரில் டர்போ பொருத்தி எஞ்சினின் திறனை 600ஆக உயர்த்தினால், அதே விகிதக் கணக்கின்படி அதே கியர்பாக்ஸும் அதே டயர்களும் 67 கிலோவாட் வெப்பத்தை உமிழ வேண்டும். இழப்பின் ஒரு பகுதி வேகத்தையும் எண்ணெயின் வெப்பநிலையையும் மட்டுமே சார்ந்தது. கடத்தப்படும் திறன் இரட்டித்தாலும் அப்பகுதி இரட்டிப்பதில்லை. ஆகவே ஒற்றை விகிதத்தை எல்லாக் கார்களுக்கும் பொருத்துவது, சிறிய காருக்குக் குறைவாகவும் பெரிய காருக்கு மிகையாகவும் எண்களைக் காட்டும். சில நிறுவனங்களின் கருவிகள், உச்ச வேகத்தை எட்டியதும் கிளட்சை விடுவித்து, கார் தானே வேகம் குறையும் விதத்தை அளந்து இழப்பைக் கணிக்கின்றன. இது மேலான வழிதான். எனினும் சுமையில்லாமல் சுழலும் கியர்ப் பற்களில் ஏற்படும் இழப்பும் முழுச் சுமையைத் தாங்கும்போது ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்ற குறை அதிலும் எஞ்சுகிறது.

உருளையும் தடையும்

சக்கரத்தில் அளக்கும் கருவிகளுக்குள்ளேயே இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. ஒரே கார் இரு பட்டறைகளில் இரு எண் காட்டுவதற்குப் பெரும்பாலும் இப்பிரிவே முதற்காரணம்.

முதலாவது, நிலைம டைனமோமீட்டர். நிலைமம் என்பது ஒரு பொருள் தன் இயக்க நிலையை மாற்ற முயலும் எதற்கும் காட்டும் எதிர்ப்பு. மிகக் கனமான ஓர் எஃகு உருளையைக் காரின் சக்கரம் சுழற்றி முடுக்கும். உருளையின் நிலைமம் முன்பே தெரியுமாதலால், அது எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதை மட்டும் அளந்தால் திறனைக் கணக்கிடலாம். இதில் விசையை அளக்கும் கருவியே இல்லை. காலமும் வேகமும் மட்டுமே அளக்கப்படுகின்றன. எளிமையும், ஒரே கருவியில் மீண்டும் மீண்டும் ஏறத்தாழ ஒரே எண் வரும் உறுதியும் இதன் சிறப்புகள். ஆனால் எஞ்சின் தன் திறனால் உருளையை மட்டும் முடுக்குவதில்லை. தன் ஃப்ளைவீல், கியர்கள், அச்சுத் தண்டுகள், சக்கரங்கள், டயர்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே முடுக்குகிறது. அவற்றை முடுக்குவதில் செலவான திறன் உருளையை எட்டாததால், கணக்கிலும் வருவதில்லை. இதனால் குறைந்த கியரில் ஓட்டினால் எண் குறையும். எஞ்சினின் சுழற்சிக்கும் வெளியேறும் தண்டின் சுழற்சிக்கும் விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக அமையும் கியரில், பல கார்களில் நான்காவதில், ஓட்டினால் எஞ்சின் மெதுவாக முடுகி, எண் கூடும். எடை கூடிய அலாய் சக்கரங்களைப் பொருத்தினால், எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமலே சில குதிரைத்திறன்கள் காணாமற்போகும். அந்த இழப்பு முடுக்கத்தின்போது உண்மையானது. நிலையான வேகத்தில் ஓடும்போது இல்லாதது. அதை எஞ்சினின் குறை என்று படிப்பவரே தவறு செய்கிறார்.

இரண்டாவது வகை, உருளையுடன் மின்காந்தத் தடையை இணைத்த கருவி. காந்தப் புலத்தினூடே உலோக வட்டு சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து சுழற்சியை எதிர்க்கும். அந்த எதிர்விசையை ஒரு நெம்புகோலின் முனையில் பொருத்திய விசையுணரி அளக்கும். எஞ்சினை 4,000 சுழற்சியிலேயே பல நொடிகள் நிறுத்தி வைத்து அளக்க முடிவதும், சாலையில் கார் உணரும் சுமையைப் போன்றதைத் தர முடிவதும் இதன் வலிமை. ஆனால் நெம்புகோலின் நீளம், தெரிந்த எடையைத் தொங்கவிட்டு விசையுணரியைச் சரிபார்த்த நாள், மென்பொருளில் உள்ளிடப்பட்ட உருளை நிலைமம், உருளையின் சொந்த உராய்வு ஆகிய ஒவ்வொன்றிலும் பிழை நுழைய வாய்ப்புண்டு. இவ்வகைக் கருவிகள் பொதுவாக நிலைமக் கருவிகளைவிடக் குறைந்த எண்ணைக் காட்டுவதாக ஓட்டிப் பார்ப்போரிடையே நெடுநாள் அனுபவம் உள்ளது. குறைந்த எண் நேர்மையான எண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதற்கு இடமில்லை. டயரே இல்லாமல், சக்கரத்தைக் கழற்றிவிட்டு அச்சுத் தண்டின் முனையிலேயே தடையைப் பொருத்தும் மூன்றாம் வகையில் டயரின் இழப்பு முற்றிலும் நீங்குவதால் எண் உயர்ந்து தெரிவதும் நேர்மைக்கோ பிழைக்கோ சான்றன்று.

இவற்றுடன் சேரும் சிறு காரணங்கள் தனித்தனியே அற்பமாகத் தோன்றினாலும் கூடும்போது கணிசமானவை. காரை உருளையோடு இழுத்துக் கட்டும் பட்டைகளை அதிகமாக இறுக்கினால் டயர் கூடுதலாக நசுங்கி ஆற்றலைத் தின்னும். டயரில் காற்று குறைந்தாலும் அதுவே. குளிர்ந்த கியர் எண்ணெயுடன் எடுத்த முதல் ஓட்டமும், சூடான பின் எடுத்த மூன்றாவது ஓட்டமும் ஒத்துப்போவதில்லை. டர்போ எஞ்சின்களில் இது மேலும் கூர்மையாகிறது: கழிவுப் புகையால் சுழலும் விசையாழி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் இம்முறையில், உருளை இலேசாக இருந்து எஞ்சின் மிக விரைவாக முடுகினால் அழுத்தம் முழுமையாக எழுவதற்குள்ளேயே ஓட்டம் முடிந்துவிடும், தடையை நீட்டித்து மெதுவாக ஓட்டினால் அழுத்தம் எழும், ஆனால் அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பட்டறையின் சிறிய மின்விசிறிக்கு முன்னே தன் வேலையைச் செய்ய இயலாமல் வெப்பமேறி, எஞ்சினின் கணினி எரிபொருளைப் பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளித் திறனைக் குறைக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 150 கிலோமீட்டரில் வீசும் காற்றை எந்தப் பட்டறை விசிறியும் தருவதில்லை.

எந்தக் காற்றில் அளந்தது

பெட்ரோல் எஞ்சினின் திறன் அது உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் நிறையைப் பொறுத்தது. வெப்பமான காற்று இலேசானது. மலைமேல் உள்ள காற்று மெலிந்தது. ஈரமான காற்றில் ஆக்சிஜனின் இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. ஆகவே, அளந்த எண்ணைப் பொதுவான ஒரு காற்றுக்கு மாற்றி எழுதும் 'திருத்தக் காரணி' தேவையாகிறது. தேவை நியாயமானதே. ஆனால் எந்தக் காற்றைப் பொதுவானது என்று கொள்வது என்பதிலேயே உலகம் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 தரம் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தையும், நீராவியைக் கழித்தபின் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. அதே சங்கத்தின் பழைய ஜே607 தரமோ 15.6 பாகையையும் கடல்மட்ட அழுத்தமான 101.3 கிலோபாஸ்கலையும் கொண்டது. குளிர்ந்த, அடர்ந்த காற்றைக் கற்பனை செய்வதால் இது ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல் எண்ணைத் தரும். ஜெர்மனியின் டிஐஎன் 70020 தரம் 20 பாகை வெப்பத்தைக் கொண்டிருந்தது. மென்பொருளில் ஒரு சொடுக்கால் இத்தரங்களுக்கிடையே மாறலாம் என்பதால், கார் அசையாமலே 300 குதிரைத்திறன் 312 ஆகும். தன் வேலையைப் பெருமையாகக் காட்ட விரும்பும் பட்டறை எந்தத் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அச்சிட்ட தாளின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்தத் தரத்தின் பெயரே உச்ச எண்ணைக் காட்டிலும் முதலில் படிக்க வேண்டியது.

திருத்தக் காரணியின் மற்றொரு பலவீனம், அது தன்னிடம் சொல்லப்பட்ட வெப்பநிலையை நம்புகிறது என்பது. காற்று 30 பாகையில் உள்ள அறையில், வெப்ப உணரியை எஞ்சினின் அருகே வைத்து அது 50 பாகையைக் காட்டுமானால், ஜே1349 சூத்திரத்தின்படி இறுதி எண் ஏறத்தாழ 4 விழுக்காடு உயர்ந்துவிடும். வேண்டுமென்றே செய்தாலும் கவனமின்றி நேர்ந்தாலும் தாளில் வரும் எண் ஒன்றுதான்.

உயரமான ஊர்களில் சிக்கல் மேலும் பெரிதாகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில் காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவிலேயே இருக்கும். அங்கு அளந்த எண்ணை ஜே1349 சூத்திரத்தில் இட்டால் அது 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தித் தரும். ஆனால் அந்தத் தரமே, திருத்தம் 7 விழுக்காட்டைத் தாண்டினால் முடிவை ஏற்கக் கூடாது என்று வரம்பு விதித்துள்ளது. பட்டறை மென்பொருள் அந்த வரம்பைக் கேட்பதில்லை. மேலும், டர்போ எஞ்சின் பெரும்பாலும் தன் கணினி குறித்த அழுத்தத்தை எட்டும்வரை விசையாழியைக் கூடுதலாகச் சுழற்றி, மலைக்காற்றின் மெலிவை ஓரளவு தானே ஈடுசெய்துகொள்கிறது. அதற்கும் இயல்பான எஞ்சினுக்குரிய திருத்தத்தையே போட்டால், இல்லாத இழப்பை ஈடுசெய்து, இல்லாத குதிரைகளை உருவாக்கியதாகிவிடும். மலையூர்களில் டர்போ கார்கள் சில நேரங்களில் தொழிற்சாலை எண்ணையே மிஞ்சுவதாகக் காட்டப்படுவதன் பின்னணி இதுவே.

நிறுவனங்களின் எண்கள்

பட்டறைகளைக் குறைகூறும் முன், நிறுவனங்களின் சோதனைக்கூட எண்களும் இதே நோய்க்கு உட்பட்டவை என்பதை வரலாறு காட்டுகிறது. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் 'மொத்த' குதிரைத்திறனையே விளம்பரப்படுத்தின. அதாவது ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர், குளிர்விக்கும் விசிறி ஆகியவை இல்லாமல், தீப்பொறி நேரத்தைச் சோதனைக்கு ஏற்பச் சீராக்கி, மேடையில் எடுத்த எண். 1972 மாதிரி ஆண்டு முதல், காரில் பொருத்தப்படும் நிலையில் அளக்கும் 'நிகர' எண் வழக்குக்கு வந்தது. செவ்ரலே கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் 1971இல் 330 குதிரைத்திறனாக இருந்து 1972இல் 255 ஆனது. இந்த வீழ்ச்சியை மாசுக் கட்டுப்பாட்டின் தலையில் மட்டும் போடுவது இன்றும் தொடரும் பிழை. 1971ஆம் ஆண்டு எஞ்சினுக்கே நிகர எண் 275 என்று அந்நிறுவனம் வெளியிட்டிருந்தது. காணாமற்போன 75இல் 55, அளக்கும் முறை மாறியதால் மட்டும் போனவை.

2004இல் ஜே1349 தரம் திருத்தப்பட்டு, விளக்கத்துக்கு இடமளித்த இடைவெளிகள் அடைக்கப்பட்டன. 2005இல் வந்த ஜே2723 தரம், நிறுவனத்தைச் சாராத ஒரு சாட்சியின் முன்னிலையில் சோதனை நடந்தால்தான் சான்றளிக்கப்பட்ட எண் என்று சொல்லலாம் என்றது. விளைவாக, டொயோட்டா கேம்ரியின் 3 லிட்டர் வி6 எஞ்சின் 210இலிருந்து 190ஆக இறங்க, கார்வெட் இசட்06 எஞ்சின் 500இலிருந்து 505ஆக ஏறியது. எஞ்சின்கள் அப்படியே இருந்தன.

இவ்வளவு ஐயங்களுக்கு நடுவிலும் பட்டறை டைனமோமீட்டர் பயனற்ற கருவியன்று என்பதற்கு 1999ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா சிறந்த சான்று. 320 குதிரைத்திறன் என்று விற்கப்பட்ட அந்தக் கார், 305 என்று விற்கப்பட்ட முந்தைய கோப்ராவைவிட விரைவாக இல்லை என்று வாங்கியோர் முறையிட்டனர். சக்கரத்தில் அளந்த எண்ணை எஞ்சின் எண்ணோடு நேராக ஒப்பிட இயலாது என்ற பதிலுக்கு இடமிருந்தாலும், ஒரே வகைக் கருவியில் பழைய காரையும் புதிய காரையும் அடுத்தடுத்து ஓட்டினால் அந்தப் பதில் நிற்காது. டயர் இழப்பு, கியர் இழப்பு, காற்று, கருவியின் சொந்தச் சாய்வு எல்லாம் இரு கார்களுக்கும் பொதுவாகிக் கழிந்துபோகும். ஃபோர்டு ஆகஸ்டில் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, காற்று உட்செல்லும் குழாய்த் தொகுதி, எஞ்சின் கணினி, புகைபோக்கியின் பகுதிகள் ஆகியவற்றை மாற்றித் தந்தது. 2001இல் மஸ்தா நிறுவனமும் மியாட்டாவின் எண்ணை 155இலிருந்து 142ஆகக் குறைத்து, விரும்பியோரிடமிருந்து கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது.

இக்கருவியின் உண்மையான வலிமை ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஒரே கருவி, ஒரே கார், ஒரே கியர், ஒரே டயர் அழுத்தம், ஒத்த வெப்பநிலை என்ற கட்டுப்பாட்டுக்குள் ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சில ஓட்டங்கள் எடுத்தால், அந்த வேறுபாட்டை நம்பலாம். ஓட்டத்துக்கு ஓட்டம் ஓரிரு விழுக்காடு ஆடுவது இயல்பாதலால், அதைவிடச் சிறிய முன்னேற்றத்தைக் கொண்டாடுவதற்கு அடிப்படையில்லை. உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வளைவையும் பார்ப்பது அதனினும் நன்று. வளைவின் ஏற்ற இறக்கங்களை மென்பொருள் சீராக்கும் அளவைக் குறைத்தால் வளைவில் எழும் ஒரு கூர்முனையே 'உச்சத் திறன்' என்று பதிவாகிவிடும். எஞ்சினின் தன்மை ஒற்றை உச்சத்தில் இல்லை, 2,000 முதல் 6,000 சுழற்சி வரை பரந்து கிடக்கும் பரப்பில் இருக்கிறது.

மின்கார்கள் வந்தபின் இச்சிக்கல் வேறு உருவெடுத்துள்ளது. மின்மோட்டாரின் உச்சத் திறனைச் சில நொடிகளே தாங்க முடியும்; மின்கலம் நிறைந்து மிதமான சூட்டில் இருக்கும்போது வரும் எண், பாதி தீர்ந்து குளிர்ந்திருக்கும்போது வருவதில்லை. ஐக்கிய நாடுகளின் 85ஆம் எண் விதிமுறை மின்மோட்டாருக்கு உச்சத் திறனோடு, அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனையும் தனியே அளக்கச் சொல்கிறது. விளம்பரத்தில் இடம்பெறுவது முதலாவது மட்டுமே. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார்களிலோ இரண்டின் உச்சங்களும் ஒரே வேகத்தில் அமைவதில்லையாதலால் அவற்றைக் கூட்டிச் சொல்வதற்கும் பொருளில்லை. 2020 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் மன்றத்தில் ஏற்கப்பட்ட 21ஆம் எண் உலகத் தொழில்நுட்ப விதிமுறை, இத்தகைய வாகனங்களின் திறனை முழு வாகனத்தையும் டைனமோமீட்டரில் ஏற்றியே தீர்மானிக்க வழிவகுத்து, கணநேர உச்சத்தையும் சில நொடிகள் நீடிக்கும் திறனையும் பிரித்துக் காட்டுகிறது. பட்டறைக் கருவி என்று தாழ்வாக மதிக்கப்பட்டுவந்த சக்கர அளவீடு, இவ்வாறு தரநிர்ணயத்தின் உள்ளே இடம்பெற்றிருக்கிறது.